ஆர்ட்கிளாக்: மணிக்கோபுரம் இருக்கிறது, ஊர் எங்கே?

வடக்கு ஸ்காட்லாந்தில், நேர்னிலிருந்து கிராண்டவுன் போகும் ஏ939 சாலையில் போய்க்கொண்டிருந்தீர்கள். 'ஆர்ட்கிளாக் மணிக்கோபுரம்' என்று பலகையைப் பார்த்ததும் ஆர்வத்தில் வண்டியைத் திருப்பினீர்கள். குன்றின் மேல் பொம்மை மாதிரி ஒரு கல் கட்டடம் நின்றது. பக்கத்தில் தேவாலயம் இல்லை, கடைத்தெரு இல்லை, ஊர் என்று சொல்ல எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால் 'சிறிய குரோஃப்டிங் குக்கிராமம்' என்று போட்டிருக்கிறது. ஊர் எங்கே, கோபுரம் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது, குரோஃப்டிங் என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். இன்வர்னஸ் பக்கம் சில வருடங்கள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்ன விஷயம். மணிக்கூண்டு என்றதும் நமக்கு நாலு பக்கமும் கடிகாரம் வைத்த கோபுரம்தான் நினைவுக்கு வரும். இதில் கடிகாரம் கிடையாது, மணி மட்டும்தான். நேரம் பார்க்கக் கட்டியது இல்லை, ஆளைக் கூப்பிடக் கட்டியது. அதனால்தான் கோபுரம் என்றே எழுதுகிறேன்.

தேவாலயம் இல்லாமல் இல்லை, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கோபுரம் நிற்கும் குன்றிலிருந்து கீழே இறங்கினால் ஃபிண்ட்ஹார்ன் ஆறு வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள், ஆற்றங்கரைத் தாழ்வில்தான் ஆர்ட்கிளாக்கின் பழைய பங்குத் தேவாலயம் இருக்கிறது. பங்கு என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம். மேலே சாலையில் போகிறவர் கண்ணில் படாது. ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கெய்லிக்கில் 'ஆர்ட்' என்றால் மேடு, 'கிளாக்' என்றால் கல். கல்மேடு என்று பெயர் வைத்த ஊரில் தேவாலயத்தைப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் இருக்கும் தேவாலயத்தின் உச்சியில் மணியைக் கட்டி அடித்தால் யாருக்குக் கேட்கும்? ஃபிண்ட்ஹார்ன் சாதுவான ஆறு இல்லை. மோனலீ மலைகளில் பிறந்து, பாறை இடுக்குகளில் மோதி, வடகிழக்கே மோரே கடற்கழிக்குப் போகிறது. அதன் இரைச்சலே ஒரு திரை. இரண்டு பக்கமும் சரிவு வேறு. மணியோசை சரிவில் முட்டி அங்கேயே அடங்கிவிடும். மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கும் வீடுகளை எட்டாது. இன்னொரு காரணமும் உண்டு. பகலில் தரை சூடாகி மேலே போகப்போகக் காற்று குளிர்ந்திருந்தால், ஒலி தரையோடு போகாமல் மேல்நோக்கி வளைந்துவிடும். ஒலி கிளம்பும் இடம் உயரமாக இருந்தால் அந்த இழப்பைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். 17-ஆம் நூற்றாண்டு ஆட்களுக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்காது. கேட்கிறதா இல்லையா என்பது தெரிந்திருக்கும். அது போதுமே. தேவாலயம் கீழேயே இருக்கட்டும், மணி மட்டும் மேலே போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

இது ஆர்ட்கிளாக்கின் தனிக் கிறுக்கும் இல்லை. இன்னும் வடக்கே, கேத்னஸ் பகுதியில் லாதரன் என்ற இடத்திலும் தேவாலயம் தாழ்விலும் மணிக்கோபுரம் குன்றின் மேலும் தனித்தனியாக நிற்கின்றன. ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை போகிற திட்டம் இருந்தால் போகிற வழியில்தான், பார்க்கலாம்.

சரி, மணி தொங்க நாலு தூண் நட்டால் போதாதா? சின்னக் கோட்டை மாதிரி எதற்குக் கட்டினார்கள்? எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இதற்கான பதில் கோபுரம் எழுந்த ஆண்டிலேயே இருக்கிறது: 1655.

கட்டியவர் லெதன் பண்ணையின் நிலக்கிழார் அலெக்சாண்டர் ப்ரோடி. ப்ரோடிகள் 'கவனன்டர்' கட்சிக்காரர்கள். அதாவது, அரசர் முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மேல் தன் இஷ்டத்துக்குப் பிரார்த்தனைப் புத்தகத்தையும் ஆயர்களையும் திணிக்கப் பார்த்தபோது, 1638-இல் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டு எதிர்த்து நின்றவர்கள். அப்புறம் நடந்தது உள்நாட்டுப் போர். அரசர் பக்கம் மான்ட்ரோஸ் பிரபு மலைநாட்டு வீரர்களையும் அயர்லாந்திலிருந்து வந்த படையையும் சேர்த்துக்கொண்டு வடக்கைக் கலக்கினார். 1645 மே 9-ஆம் தேதி ஆல்டெர்னில் கவனன்டர் படையை அடித்து நொறுக்கினார். ஆல்டெர்ன் எங்கே இருக்கிறது தெரியுமா? நேர்னுக்குப் பக்கத்தில், ஆர்ட்கிளாக்கிலிருந்து வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகாது. அதே ஆண்டு ப்ரோடி குடும்பத்தின் மூத்த கிளையினுடைய ப்ரோடி கோட்டை தீக்கிரையானது.

மான்ட்ரோஸை 1650-இல் தூக்கிலிட்டார்கள். அதோடு அமைதி வந்துவிடவில்லை. அடுத்து, இங்கிலாந்தில் அரசரை வீழ்த்திய கிராம்வெல்லின் ஆங்கிலேயப் படை வந்து ஸ்காட்லாந்து முழுவதையும் பிடித்துக்கொண்டது. இன்வர்னஸில் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. 1653, 1654 ஆண்டுகளில் கிளென்கேர்ன் பிரபு தலைமையில் அரசர் ஆதரவாளர்கள் மலைநாட்டில் மறுபடி கிளர்ந்தார்கள். ஒரு பக்கம் அந்நியப் படை, மறு பக்கம் மலையிலிருந்து இறங்கி வரும் கூட்டம், இதற்கு நடுவில் வழக்கமான மாட்டுத் திருட்டு. வடகிழக்குச் சமவெளியும் மலைநாடும் சந்திக்கும் விளிம்பில்தான் ஆர்ட்கிளாக் இருக்கிறது. இறங்கி வருகிறவர்களுக்கு இதுதான் வாசல். கிளென்கேர்ன் கலவரம் ஓய்ந்த மறு ஆண்டே கோபுரம் எழும்பியது. சுவர் தடியாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதனால்தான் அது மணிக்கோபுரமாகவும் காவல்கோபுரமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இரண்டே தளம். பக்கச் சுவரின் உச்சியைப் படிப்படியாக வெட்டி மேலேற்றியிருக்கிறார்கள். பழைய ஸ்காட்லாந்துக் கோட்டை வீடுகளில் எங்கும் காணும் அமைப்பு அது. உச்சியில் மணிக்கென்று சின்னக் கல்கூடு. கீழ்த்தளம் சிறை, மேல்தளம் காவலாள் இருக்கும் அறை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குக் கூப்பிட்ட அதே மணிதான் ஆபத்து வந்தால் ஓலமிடும். உயரமான இடம் இரண்டு வேலைக்குமே தேவைப்பட்டது: காது கேட்கவும், கண் பார்க்கவும்.

தேவாலய மணிக்கோபுரத்தில் சிறையா என்று முகம் சுளிக்காதீர்கள். அன்றைய ஸ்காட்லாந்தில் பங்குச் சபை என்பது கிட்டத்தட்டப் பஞ்சாயத்து. போதகரும் மூப்பர்களும் உட்கார்ந்து விசாரிப்பார்கள். ஓய்வுநாளில் வேலை செய்தது, கள்ள உறவு, வாய்ச்சண்டை, பிரார்த்தனைக்கு வராமல் இருந்தது எல்லாமே வழக்குதான். அபராதம் போடுவார்கள், சபை நடுவே மனந்திரும்புதல் முக்காலியில் உட்காரவைப்பார்கள், சில ஊர்களில் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிச் சுவரோடு சேர்த்துப் பூட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட சபைக்கு ஒரு பூட்டிய அறை தேவைப்பட்டிருக்கும்தானே. மணியடித்தும் வராதவரைக் கொண்டுவந்து மணிக்குக் கீழேயே அடைப்பது ஒருவகையில் பொருத்தம்தான்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஊர் எங்கே? மேட்டு நிலத்தில் சிதறிக் கிடக்கும் அந்த வீடுகள்தான் ஊர். அங்கொன்று, அரை மைல் தள்ளி இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று. ஸ்காட்லாந்தின் இந்தப் பகுதிகளில் வீடுகள் நெருக்கியடித்துத் தெருவாக அமைவதில்லை. அவரவர் நிலத்தில் அவரவர் வீடு. இவர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தது பங்கு எல்லை. ஆர்ட்கிளாக் என்பதே உண்மையில் ஒரு பெரிய பங்கின் பெயர். பக்கத்தில் ஃபெர்னெஸ் என்று நீங்கள் கடந்துபோனதும் அதற்குள் அடக்கம். நடுவே கடைத்தெரு இல்லாத ஊரில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த மணியோசை ஒன்றுதான். அதை எங்கே வைப்பது என்பது அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேச்சிலும் இது எல்லை நிலம். நேர்ன் பட்டணத்தில் ஒரே ஒரு தெருதான் இருந்தது, ஆனால் அது அவ்வளவு நீளம், ஒரு கோடியில் இருப்பவன் பேசுவது மறு கோடியில் இருப்பவனுக்குப் புரியாது என்று அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்காரர்களிடம் பெருமை அடித்ததாக ஒரு கதை உண்டு. ஒரு முனையில் கெய்லிக், மறு முனையில் ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழி. அதுதான் சூட்சுமம்.

அடுத்து குரோஃப்ட். இதில் பலரும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. குரோஃப்ட் என்றால் ஓலையோ புல்லோ வேய்ந்த அழகான வீடு என்று நினைக்கிறார்கள், விடுமுறை விடுதி விளம்பரங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. குரோஃப்ட் என்பது நிலம். நிலக்கிழாரிடம் குத்தகைக்கு எடுத்த சின்னத் துண்டு நிலம், அதோடு மேட்டில் உள்ள பொது மேய்ச்சலில் ஒரு பங்கு. வீட்டைக் குரோஃப்டர் தானே கட்டிக்கொள்வார். அங்கே உள்ளவர்கள் சொல்லும் பழைய நகைச்சுவை ஒன்று: குரோஃப்ட் என்றால் என்ன? நாலா பக்கமும் சட்டத்தால் சூழப்பட்ட ஒரு துண்டு நிலம்.

இந்தத் துண்டுகள் ஏன் இவ்வளவு சின்னது? மேற்குக் கடலோரத்தில் வேண்டுமென்றே அப்படி அளந்து கொடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-இன் தொடக்கத்திலும் நிலக்கிழார்கள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளை ஆட்டுப் பண்ணைகளுக்காகக் காலி செய்தார்கள். மக்களைக் கடலோரத்துக்குத் தள்ளினார்கள். அங்கே கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் வேலைக்கு ஆள் வேண்டும். நிலம் வயிற்றுக்குப் போதுமானதாக இருந்தால் எவன் கூலிக்கு வருவான்? ஆகவே போதாத நிலம். கிழக்கே, நேர்ன், மோரே பக்கம் கதை வேறு. அங்கே ஆட்களைக் கரம்பு விளிம்பில் குடியேற்றி, கல் பொறுக்கி, வடிகால் வெட்டி நிலத்தைப் பண்படுத்தச் சொன்னார்கள். உழைத்து நிலத்தைத் தேற்றியதும் குத்தகைத் தொகை ஏறிவிடும். பக்கத்துப் பெரிய பண்ணைகளுக்கும் கூலியாள் கையெட்டும் தூரத்தில் கிடைப்பான். கல்மேடு என்று பெயர் உள்ள ஊரில் கல் பொறுக்குவது என்றால் எவ்வளவு வேலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கில் 1882-இல் பொறுமை உடைந்தது. ஸ்கை தீவின் ப்ரேஸ் பகுதியில் மேய்ச்சல் நிலத் தகராறில் மக்கள் குத்தகை தர மறுத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 காவலர்களை வரவழைத்துக் கைது செய்யப் போனபோது கல்லும் தடியும் பறந்தன. செய்தி நாடெங்கும் பரவியதும் அரசு 1883-இல் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் யார் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்: நேப்பியர் பிரபு. ஆமாம், மெரினாவுக்குப் போகும்போது கூவத்தைக் கடக்கும் நேப்பியர் பாலத்தின் நேப்பியரேதான். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். பாலம் முதலில் கட்டப்பட்டது அவர் காலத்தில், 1869-இல். மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான். 2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்காக அந்தப் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தபோது, ஸ்காட்லாந்து மலைநாட்டில் இதே பெயர் குத்தகை விவசாயிகளின் வரலாற்றில் இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நேப்பியரின் ஆணையம் தீவு தீவாக, ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் வாங்கியது. கெய்லிக் மட்டும் பேசியவர்கள்கூட மொழிபெயர்ப்பாளர் வழியே தங்கள் குறையைச் சொன்னார்கள். 1884-இல் அறிக்கை வந்தது. தனி ஆளைவிட ஊர்க்கூட்டத்துக்கு உரிமை தர வேண்டும் என்பது நேப்பியரின் யோசனை. பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு அந்த வழியே போகவில்லை. 1881-இல் அயர்லாந்துக்குச் செய்த சட்டத்தின் அச்சில் 1886-இல் குரோஃப்டர் சட்டம் கொண்டுவந்தது. குத்தகை ஒழுங்காகக் கட்டும்வரை வெளியேற்ற முடியாது, நியாயமான குத்தகையைத் தீர்மானிக்கத் தனி ஆணையம், வாரிசுக்கு உரிமை, வெளியேறினால் செய்த மேம்பாட்டுக்கு ஈட்டுத்தொகை. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இதில் ஆர்ட்கிளாக்காரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை! சட்டம் பொருந்தும் மாவட்டங்கள் என்று ஆர்கைல், இன்வர்னஸ், ராஸ், க்ரோமார்ட்டி, சதர்லாந்து, கேத்னஸ், ஆர்க்னி, ஷெட்லாந்து என்று பட்டியல் போட்டார்கள். ஆர்ட்கிளாக் இருப்பது நேர்ன்ஷையரில். பட்டியலில் நேர்ன் இல்லை. பக்கத்து மாவட்டத்துக் குரோஃப்டருக்குப் பாதுகாப்பு உண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மாதிரி நிலம் வைத்திருப்பவருக்குக் கிடையாது. 1911-இல் வந்த சிறு நிலவுடைமைச் சட்டம் ஸ்காட்லாந்து முழுவதற்கும் கொஞ்சம் பாதுகாப்பைக் கொடுத்தது. 1955-இல் குரோஃப்ட் சட்டத்தைப் புதுப்பித்தபோது மறுபடி பழைய மாவட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2010-இல்தான் நேர்ன் பகுதி, மோரே, ஆரன், பியூட் எல்லாம் குரோஃப்டிங் பரப்புக்குள் வந்தன. அதுவும் தானாக நடக்காது, விண்ணப்பித்துத்தான் ஒரு நிலத்தைக் குரோஃப்ட் ஆக்க வேண்டும். ஆகவே 'குரோஃப்டிங் குக்கிராமம்' என்று நீங்கள் படித்ததை வாழ்க்கை முறை விவரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்டப் பெயராக எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். சிதறிய வீடுகள், சின்ன நிலங்கள், ஆடு மாடு, கூடவே வெளியில் ஒரு சம்பள வேலை. இதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

சட்டப்படியான குரோஃப்ட்கள் இன்று 20,000-க்கு மேல் இருக்கின்றன. வைத்திருப்பவர் 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், நிலத்தைச் சும்மா போடக் கூடாது. 1976-க்குப் பிறகு ஆண்டுக் குத்தகையைப் போல் 15 மடங்கு கொடுத்துப் பயிர் நிலத்தை வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. குத்தகை மிகக் குறைவு என்பதால் அது அடிமாட்டு விலை. ஊர்களுக்கு அதனால் நல்லதா கெட்டதா என்பதில் இன்றும் சண்டை. என்னைக் கேட்டால், வாங்கியவர் கையில் இருக்கும்வரை நல்லது, விடுமுறை வீடு தேடும் நகரத்துக்காரரிடம் விற்கும்போதுதான் கெட்டது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குக்கிராமத்துக்கும் இந்தியாவுக்கும் ஒரு மெல்லிய கோடு உண்டு. ஆர்ட்கிளாக் போதகரின் மகன் டொனால்ட் மிட்செல், ஸ்காட்லாந்து மிஷனரி சங்கத்தின் சார்பில் 1823-இல் பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை, அதே ஆண்டு அங்கேயே இறந்துபோனார்.

அடுத்த முறை போனால் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். கீழே இறங்கித் தேவாலயத்தைப் பாருங்கள், பிறகு திரும்பி ஏறுங்கள். மணியை ஏன் மேலே கொண்டுபோனார்கள் என்பதை மூச்சு வாங்கும்போது கால்கள் சொல்லும். நல்ல பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ அவசியம், மழைக்குப் பிறகு சரிவு வழுக்கும். கோபுரம் ஸ்காட்லாந்து வரலாற்றுச் சூழல் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது, உள்ளே போக முடியுமா என்பதைக் கிளம்புமுன் அவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் ஆற்றின் மேல்பக்கமாகப் போய் டல்சி பாலத்தையும் பாருங்கள். மலைநாட்டுக் கிளர்ச்சியை அரசு நசுக்கிய கலோடன் போருக்குப் பிறகு போட்ட ராணுவச் சாலைக்காக 1755-இல் பாறைக்குப் பாறை வளைத்துக் கட்டியது. 1829 ஆகஸ்டில் ஃபிண்ட்ஹார்ன் பெருவெள்ளமாக வந்து கீழ்க்கரையில் பாலங்களையும் வயல்களையும் வாரிக்கொண்டு போனது. 'மக்கிள் ஸ்பேட்', பெரிய வெள்ளம், என்று இன்றும் பேசுகிறார்கள். ரேண்டால்ஃப் தாவல் என்ற இடுக்கில் தண்ணீர் 50 அடி ஏறியது. டல்சி பாலம் தப்பியது. அதன் மேல் நின்று கீழே பார்த்தால் அந்த இரைச்சல் காதை அடைக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.